ஃபேட்டி லிவருக்கு யோகா மேட் மருந்து இல்லை

சிறுசேரி, நாவலூர், பரனூர் பக்கம் மென்பொருள் கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கும், முக்கியமா அவங்க ஹெச்ஆருக்கும் இந்த த்ரெட்.

வயசு 29. பிரஷர் 150/100. மூணு மாச சர்க்கரை 6.2. ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்பு. "நான் தண்ணியே அடிக்க மாட்டேனே டாக்டர்"னு ஆச்சரியப்படுவாங்க. இப்படி வர்றவங்க இப்ப எங்களுக்குப் புதுசே இல்லை. ஹைதராபாத்தில் 345 ஐடி ஊழியர்களைப் பரிசோதித்து 2025ல் வெளியான ஆய்வில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு இருந்தது.

பெரிய கம்பெனின்னா ராத்திரிக்குத் தனி டீம் போட ஆள் இருக்கும். முந்நூறு பேர் கம்பெனியில பல சமயம் ஒரே ஆள்தான் ரெண்டு ஷிஃப்டும். காலை 10 மணிக்கு ஸ்டாண்ட்-அப். கலிஃபோர்னியா கிளையன்ட்டுக்குக் காலை 10 ஆகும்போது நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலம்னா 11.30. கால் முடிஞ்சு பரோட்டா. ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா மறுபடி லேப்டாப். விடிஞ்சா அதே 10 மணி ஸ்டாண்ட்-அப்.

இதுக்குக் கம்பெனி தர்ற வைத்தியம் என்ன? யோகா மேட், பழக்கூடை, "பத்தாயிரம் அடி நடங்க" போட்டி. அப்புறம் சனிக்கிழமை மாமல்லபுரம் ரிசார்ட்டில் டீம் அவுட்டிங். கடற்கரைக் கோயில் முன்னால குரூப் போட்டோ, தோள்ல லேப்டாப் பை!

வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். 2021ல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்ன கணக்கு இது. இதைத் தெரிஞ்சுக்கிட்டே 70 மணி, 90 மணின்னு மேடை போட்டுப் பேசறாங்க.

"லட்சத்துல சம்பளம் வாங்கறாங்கல்ல, உழைக்கட்டுமே. மீனவர் ராத்திரியில கடலுக்குப் போகலையா?"ன்னு கேட்பீங்க. போறார்தான். கரைக்கு வந்து மீனைக் கொடுத்துட்டுப் பகல்ல தூங்குவார். அவருக்கு யாரும் காலண்டர் இன்வைட் அனுப்பறதில்லை.

பரனூர் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியைப் பாருங்க. ஒரே வளாகத்துல தொழிற்சாலையும் ஐடி ஆபீசும். தொழிற்சாலையில ஷிஃப்ட் முடிஞ்சா அடுத்த ஆள் வந்து நிற்பார். 2023 ஏப்ரல் 21ல் அந்தத் தொழிலாளிக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் கொதிச்சு எழுந்தாங்க. மே 1ல் வாபஸ். பக்கத்துக் கட்டடத்துல எந்த மசோதாவும் இல்லாமலே 12 மணி நேரம் ஓடுது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. இத்தனைக்கும் 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருக்கு.

நீங்க எஞ்சினியர்னா, இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து ஒரு நோட்டுல எழுதுங்க: எத்தனை மணிக்கு உட்கார்ந்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க. ஒரு மாசம் போதும். டாக்டரைப் பார்க்க வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோட அந்த நோட்டையும் கொண்டு வாங்க. "இரவு வேலை தவிர்க்கவும்"னு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. அந்தச் சீட்டை ஹெச்ஆருக்கு மெயில்ல அனுப்புங்க, வாய்ல சொல்லாதீங்க.