மூன்று கோல்கள், மூன்று ஊர்கள்



2025 ஒக்டோபர் 13, திங்கட்கிழமை. நூலகத்தில் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்து ஜன்னலில் கள்ளமாக ஒரு உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேப் வேர்டேயின் தலைநகர் பிராயாவில், எஸ்வாத்தினியோடு. வென்றால் உலகக்கிண்ணம். இடைவேளை வரைக்கும் கோல் இல்லை. பிறகு மூன்று கோல்கள் விழுந்தன. முதலாவதை அடித்த டைலோன் லிவ்ரமென்டோ ரொட்டர்டாமில் பிறந்தவர். இரண்டாவதை அடித்த வில்லி செமெடோ பிரான்சில் பிறந்தவர். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவதை அடித்தவர் ஸ்டோபிரா. வயது 37. பிறந்தது அதே பிராயாவில்.

பத்துத் தீவுகள், ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள். அந்த நாடு கமரூனைப் பின்தள்ளி, 23 புள்ளிகளோடு குழுவில் முதலிடம் பிடித்து, முதல் தடவையாக உலகக்கிண்ணத்துக்குப் போகிறது.

இந்தச் செய்தி எங்கட வட்ஸ்அப் குழுக்களிலும் ஓடினது. "புலம்பெயர்ந்த பிள்ளைகள் நாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள்" என்ற தொனியில்தான் எல்லாரும் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். அணியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்றால் எங்களுக்குப் புல்லரிக்கத்தானே செய்யும்? ஆனால் அந்தக் கதையை அப்படியே விழுங்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் இந்த மாத ஆசிரியர் குறிப்பு உதைபந்தாட்டம் பற்றி.

முதலில், அந்தப் பிள்ளைகள் ஏன் ரொட்டர்டாமிலும் லிஸ்பனிலும் பிறந்தார்கள்? போர்த்துக்கேயர் 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது அந்தத் தீவுகளில் மனிதர் இல்லை. ஆபிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து, அடிமை வியாபாரத்துக்கு அதை ஒரு சந்தையாக்கினார்கள். மழை பொய்க்கும் மண். 1940களில் மட்டும் இரண்டு பெரும் பஞ்சங்கள். பல்லாயிரம் பேர் செத்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குக் காலனி அரசு காட்டிய வழி, சாவோ தோமேயின் கொக்கோத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி. மற்றவர்கள் கப்பலேறினார்கள்: திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அமெரிக்காவுக்கு, சரக்குக் கப்பல்களில் ரொட்டர்டாமுக்கு, கட்டட வேலைக்கு லிஸ்பனுக்கு. வாய் திறந்தவர்களுக்குச் சந்தியாகோ தீவில் தராஃபால் சிறைமுகாம் இருந்தது. இன்றைக்கு நாட்டில் இருப்பவர்களைவிட வெளியில் இருக்கும் கேப் வேர்டேயர்கள்தான் கூட. பசியும் காலனி அரசும் சேர்ந்து எழுதிய கணக்கு அது.

இந்தக் கணக்கைப் படித்துப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் அமில்கார் கப்ரால். அவரும் வெளியில் பிறந்தவர்தான்: கினி-பிசாவில், கேப் வேர்டேப் பெற்றோருக்கு. சின்ன வயதில் தீவுக்கு வந்தார், பஞ்சத்தைக் கண்ணால் கண்டார், லிஸ்பனில் விவசாயப் பொறியியல் படித்தார். 1954இல் பிசாவில் எல்லாரும் சேரக்கூடிய ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்க முயன்றபோது காலனி நிர்வாகம் அனுமதி மறுத்தது. கறுப்பு மக்கள் ஒன்றுகூடிப் பந்து விளையாடினால் பிறகு வேறு என்ன விளையாடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் கட்சி பிறந்தது. 1973 ஜனவரி 20இல் கொனாக்ரியில் கப்ராலைக் கொன்றார்கள். 1975 ஜூலை 5இல் தீவுகள் விடுதலை அடைந்தன.

விடுதலை கிடைத்தவுடன் அணி கிடைத்துவிடவில்லை. பிபாவில் சேர்ந்தது 1986இல். 2000ஆம் ஆண்டு உலகத் தரவரிசையில் 182ஆவது இடம். அதற்கிடையில் கேப் வேர்டே வேர் கொண்ட திறமைசாலிகள் வேறு சட்டைகளில் புகழ்பெற்றார்கள்: நானி போர்த்துக்கலுக்கு, பத்ரிக் வியெரா பிரான்சுக்கு, ஹென்ரிக் லார்சன் சுவீடனுக்கு. உழைப்பு போன வழியிலேயே கால்களும் போயின.

அதைத் திருப்பத்தான் சங்கம் வெளியில் ஆள் தேடத் தொடங்கியது. 2013இல் முதல் தடவையாக ஆபிரிக்கக் கிண்ணத்தில் ஆடிக் காலிறுதி வரை போனார்கள். அதே வருடம் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என்று வென்று, உலகக்கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றை எட்டினார்கள். ஆனால் தடையில் இருந்த ஒரு வீரரை இறக்கியதால் பிபா அந்த வெற்றியைப் பறித்தது. எழுத்து வேலையில் ஒரு பிழை. பன்னிரண்டு வருடம் காத்திருப்பு. இயக்க வேலை செய்பவர்கள் அந்த வலியை விளங்கிக்கொள்வீர்கள்.

ரொபெர்த்தோ "பிக்கோ" லோப்பெஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டப்ளினில் பிறந்தவர், தகப்பன் கப்பலில் சமையல்காரராக இருந்த கேப் வேர்டேயர். 2018இல் அணியின் பயிற்றுநர் லிங்க்ட்இன்னில் போர்த்துக்கேய மொழியில் செய்தி அனுப்ப, பிக்கோ அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டார். ஒன்பது மாதம் கழித்து ஆங்கிலத்தில் இன்னொரு செய்தி. அதன் பிறகுதான் முதல் செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்தார். வேடிக்கையான கதைதான். ஆனால் தமிழ்க் கூட்டங்களில் "பிள்ளைக்குத் தமிழ் விளங்குமோ?" என்று தலைக்கு மேலால் கேட்கப்பட்ட எனக்கு, அந்த இரண்டாவது செய்தி பெரிய விஷயம். மொழி தெரியாததைக் குற்றமாக்காமல், நீயும் எங்கட ஆள், வா என்று கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது யார் என்பதையும் கவனியுங்கள். இன்றைய பயிற்றுநர் புபிஸ்தா, போவா விஷ்டா தீவுக்காரர். கோல் காப்பாளர் வொஸின்யா, மின்டெலோக்காரர். யார் எங்கே நிற்பது என்பது தீவில் தீர்மானமாகிறது. ரொட்டர்டாம் பிள்ளை தன் காலையும் பயிற்சியையும் கொண்டுவந்து, கொடுத்த இடத்தில் நிற்கிறார்.

எங்களிடமும் ஒரு அணி உண்டு. அரசு இல்லாத தேசங்களின் போட்டிகளில் 2012 முதல் தமிழீழ அணி ஆடியிருக்கிறது: முதலில் குர்திஸ்தானில், பிறகு 2014இல் சுவீடனில், 2018இல் லண்டனில். அந்தச் சட்டையைப் போட்டவர்கள் புலம்பெயர்ந்த வீடுகளின் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் இருக்கும் ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டால் என்ன விலை கொடுக்க வேண்டி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கட அரசியலும் அந்த அணி மாதிரியே ஆகிவிட்டதோ என்றுதான் பயமாக இருக்கிறது. முழுக்க லிவ்ரமென்டோக்கள். ஒரு ஸ்டோபிராவும் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன வருடம், காணி மீட்புக்காக வன்னியில் போராடும் பெண்களுக்கு ஆதரவாக ஒரு அறிக்கை எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதி, மூன்று இரவு திருத்தி, கடைசியில் நான் தமிழாக்கினேன். ஒரு திகதி குறித்து, அன்று எல்லா நகரங்களிலும் ஒன்றுகூடச் சொன்னோம். வெளியிட்ட பிறகு அங்கிருந்து ஒரு அக்கா குரல்பதிவு அனுப்பினா. "தங்கச்சி, அறிக்கை வடிவா இருக்கு. ஆனா அண்டைக்கு எங்களுக்கு வழக்குத் தவணை. நீங்கள் அங்க கூட்டம் வைச்சா, இங்க சிஐடி எங்கட வீட்டதான் வரும். ஒருக்கா எங்களிட்டக் கேட்டிருக்கலாமே."

அவ கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. நாங்கள் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். ஆனால் ஏன் கேட்கவில்லை என்று எங்களுக்குள் இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை.

கேப் வேர்டே எல்லாவற்றுக்கும் விடை அல்ல. வெளியில் உழைப்பவர்கள் அனுப்பும் காசில் இன்னமும் தங்கியிருக்கும் நாடு அது. ஐரோப்பாவின் பயிற்சிக்கூடங்கள் வளர்த்த கால்களால் வென்றதை வைத்து, உள்ளூர்க் கழகங்களின் வறுமையை மறைக்கவும் முடியும். ஆனாலும் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது: வெளியில் இருப்பவர்களுக்கு அணியில் இடம் உண்டு, அணியின் பொறுப்பு ஊரில் இருக்கிறது.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று விஷயம் முன்வைக்கிறோம். ஊரில் நடக்கும் போராட்டம் பற்றிய எந்த அறிக்கையும் அங்கே உள்ளவர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளிவர வேண்டும். அதனால் பிந்தினால் பிந்தட்டும். கூட்டங்கள் மாதம் ஒரு தடவையாவது அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில், தமிழில் நடக்க வேண்டும். தமிழ் தடுமாறும் தோழர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். யாரும் வெட்கத்தில் ஒதுங்கிப் போகக் கூடாது. உடன்படாதவர்கள் கட்டாயம் வந்து சண்டை பிடியுங்கள்.

2026 ஜூன் 15, அட்லாண்டாவில் கேப் வேர்டேயின் முதல் ஆட்டம், ஸ்பெயினோடு. சேர்ந்திருந்து பார்ப்போம். அதற்கு முதல், அந்த அக்காவுக்கு நாங்கள் இன்னும் ஒழுங்கான பதில் அனுப்பவில்லை. இந்தக் கிழமை அனுப்புகிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக