பள்ளிவாசல் கடிதத்தில் இல்லாத ஒரு வரி

ஓப்பநாயக்க ஊர் உறவுகளுக்கும், சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் தமிழ்ச் சகோதர சகோதரிகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் நம் பிள்ளையைக் கேட்டு வந்தால் முதலில் எதைக் கேட்கிறோம்? அவருடைய ஊர்ப் பள்ளிவாசல் கடிதத்தை. எந்த ஜமாஅத், ஏற்கனவே நிகாஹ் ஆனவரா, சந்தா பாக்கி இருக்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். முதல் மனைவியின் கையை முறித்தவரா என்பது இருக்காது. "விவாகரத்தானவர்" என்ற ஒரு சொல்லோடு சரி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நிர்வாகத்துக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் நாளைக்கு அவனோடு குடும்பம் நடத்தப் போகிற பெண்தான்.

தோட்டத்துக் கதையும் இதேதான். ஒரு லயத்தில் அடித்து விரட்டியவன் அடுத்த தோட்டத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போடுகிறான். தலைவருக்குத் தெரிந்தாலும் "அது பழைய கதை" என்று விட்டுவிடுகிறார்.

ஒரு நாள் கோபத்தில் சத்தம் போட்டவரைப் பற்றி நாம் பேசவில்லை. திரும்பத் திரும்ப அடிப்பவன், விலகிப் போன பெண்ணை ஊர் ஊராகத் தேடி வருபவன், ஒருத்தியை முடித்துவிட்டு அடுத்தவளிடம் போகிறவன் பற்றிப் பேசுகிறோம். 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, இந்த நாட்டில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 5 பேரில் ஒருவர் அந்தத் துணையாலேயே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், பிறகு அதிகபட்சம் 12 மாதங்களுக்குப் பாதுகாப்புக் கட்டளையும் கொடுக்கலாம். மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்றைக்கு 10,000 ரூபாய்க்கு ஒரு நல்ல போன் கூட வாங்க முடியாது! பதின்மூன்றாம் மாதம் அவன் வாசலில் வந்து நின்றால், ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்து மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டியவள் அவள்தான். கட்டளை பின்பற்றப்படுகிறதா என்று கண்காணித்து அறிக்கை தரும்படி சமூக சேவையாளர், நன்னடத்தை அலுவலர் போன்றவர்களைப் பணிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. நம் பகுதியில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

ஆசிரியர்களான எங்களுக்கு இது வேறொரு வாசல் வழியாக வருகிறது. தாய் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போவதற்காக விடுகைப் பத்திரம் கேட்டு வருவார். அடுத்த வாரமே தகப்பன் வந்து, "பிள்ளை எந்த ஸ்கூலுக்குப் போச்சு சேர்?" என்று கேட்பார். சொன்னால் அவள் ஒளிந்திருக்கும் இடத்தை நாங்களே காட்டிக் கொடுத்ததாகிவிடும். சொல்லாமல் விடுவதற்கும் அவர் தகப்பன். அவர் மேல் கட்டளை இருந்தாலும் அதைப் பாடசாலைக்கு யாரும் அறிவிப்பதில்லை.

இந்தச் சட்டமும் கணவன், முன்னாள் கணவன், கூடி வாழ்ந்தவன், உறவினன் என்ற வட்டத்துக்குள்தான். டியூஷனுக்குப் போகும் பிள்ளையை மாதக்கணக்கில் பின்தொடரும் வெளி ஆள் இதற்குள் வரமாட்டான். பின்தொடர்தல் என்று தனிக் குற்றம் ஒன்று நம் தண்டனைச் சட்டக் கோவையிலும் இல்லை. 2025 ஜனவரியில் கண்டி தவுலகலையில் பட்டப்பகலில் ஒரு மாணவியை வானில் இழுத்துப் போட்டுக் கொண்டு போன காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். பிள்ளை அம்பாறையில் மீட்கப்பட்டாள். கைதான சந்தேக நபர் முன்பின் தெரியாதவர் அல்ல, உறவினர். அப்போதும் நம் ஆட்களில் சிலர் கேட்டது "அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் என்ன தொடர்போ?" என்றுதான்.

பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று கண்காணிக்க ஊரில் நூறு கண் இருக்கிறது. அடித்தவனைக் கண்காணிக்க ஒரு கண் இல்லை.

இங்கிலாந்தில் 2009இல் கிளேயர் வூட் என்ற பெண்ணை முன்னாள் காதலன் கொன்றான். அவன் அதற்கு முன்பும் பெண்களைத் துன்புறுத்தியவன். அவள் தகப்பன் விடாமல் போராடினார். 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், தன் துணைக்கு அப்படியொரு பழைய வரலாறு உண்டா என்று பொலிஸில் கேட்டறியும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்பெயினில் 2007 முதல் வியோஜென் என்ற முறை நடக்கிறது. முறைப்பாடு பதிவானதும் ஆபத்தின் அளவைக் கணிக்கிறார்கள், பிறகு காலத்துக்குக் காலம் பொலிஸே மறுபடியும் கணிக்க வேண்டும். அங்கேயும் கொலைகள் நின்றுவிடவில்லைதான். ஆனால் அடுத்த அடி விழும்வரை கோப்பு மூடிக் கிடப்பதில்லை.

"ஒருவனுடைய குறையை வெளியே சொல்வது புறம் பேசுவதல்லவா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு பாத்திமா பின்த் கைஸ் அவர்களின் சம்பவத்தை நினைவூட்டுகிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தன்னை மணமுடிக்கக் கேட்ட இருவரைப் பற்றி அவர் ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று பெயர் சொல்லியே எச்சரித்தார்கள். நம் நிர்வாகங்களுக்கு அவர்களை விடவா பேணுதல் அதிகம்?

வீண் பழி வரும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஊர்ப்பேச்சை எழுதச் சொல்லவில்லை. நீதிமன்றக் கட்டளை இருந்ததா, காழி நீதிமன்றப் பதிவில் அடி உதைதான் பிரிவுக்குக் காரணமா, இந்த இரண்டை மட்டும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். முன்னாள் மனைவியின் பெயரும் ஊரும் அதில் வரவே கூடாது. திருந்தியவர் என்றால் அதைப் பெண் வீட்டாரிடம் அவரே நேரில் சொல்லட்டும்.

வரும் ஜமாஅத் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கிறோம். கையொப்பமிட விரும்புபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், பெண்களும்தான். தோட்டத் தலைவர்களும் தங்கள் பக்கத்தில் இதைப் பேச வேண்டும். பாதுகாப்புக் கட்டளை வாங்கியிருக்கும் தாய்மார் அதன் பிரதி ஒன்றைப் பிள்ளையின் அதிபரிடம் கொடுத்து வையுங்கள். இப்போதே ஆபத்தில் இருப்பவர்கள் 1938க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசுங்கள்.