பூனைக்கு எமனாகும் பாராசிட்டமால்



மருந்துகளின் பக்கவிளைவு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை பயனுள்ளது. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓர் ஆய்வக விலங்கின் ரத்தத்துக்குத் தீங்கு செய்யாத மருந்து எல்லா உயிர்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமாலை எலிகள் ஓரளவு தாங்கும். பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே எமனாகலாம்.

அம்மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் மிஞ்சும் நச்சு சிவப்பணுக்களைத் தாக்க, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. அந்த ரத்தத்தில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டால், காற்றுப் பட்டும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே நிற்கும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அணுக்களின் ஓரத்தில் கரும்புள்ளிகள் தெரியும்.

குளோராம்பெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு நேரெதிர். மனிதரில் வெகு சிலருக்கு அது உண்டாக்கிய கொடிய ரத்தசோகையை விலங்குச் சோதனைகள் முன்கூட்டிக் காட்டவில்லை.

2023-இல் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் வழிவிட்டது. அவற்றை நம் ஆய்வகங்கள் முனைந்து கைக்கொள்ள வேண்டும். ‘பூனைக்குத் தரக் கூடாது’ என்ற எச்சரிக்கையைப் பாராசிட்டமால் அட்டையில் தமிழில் அச்சிட வேண்டும்.

– கால்நடை மருத்துவர் ஒருவர், நாமக்கல்