லெஃப்ட்டா, ரைட்டா?

என் கார் தெருமுனையில் திரும்பினால் வீட்டுக்குள் இருக்கிற மனைவிக்குத் தெரிந்துவிடும். ஹாரன் தேவையில்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் சக்கரத்தில் 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம். நான் இறங்குவதற்குள் காபி ரெடி!

வண்டி மாருதி 800. கம்பெனி 2014-லேயே அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் பூரா வெளியே போயிடுச்சு ஸார். மண்ணு உள்ளே போய் ஜாயின்ட்டைத் தின்னுடுச்சு. ஆக்ஸிலையே மாத்திடுங்க" என்று ஒரு தொகை சொன்னார். மாசக் கடைசி. பி.காம். படித்தவனுக்குத் தொகையைக் கேட்டதும் சாமான் தனி, கூலி தனி என்று பிரித்துப் பார்க்கிற கெட்ட புத்தி உண்டு. கூலியை மிச்சம் பிடித்தால் என்ன?

ஜி.பி. ரோடு போனேன். "800-க்கு ஆக்ஸில் ஒண்ணு கொடுங்க."

"லெஃப்ட்டா, ரைட்டா?"

"ஏதோ ஒண்ணு!"

இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும் என்று மூன்று வருஷம் படித்தவன் நான். கியர் பாக்ஸ் ஓரமாக உட்கார்ந்திருப்பதால் ஒரு ஆக்ஸில் குட்டை, இன்னொன்று நெட்டை என்பது வீட்டில் வந்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுபடி ஜி.பி. ரோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருக்கிற பெரிய நட்டில் ஸ்பானரை மாட்டித் திருகினேன். நட்டோடு ஹப்பும் சேர்ந்து சுற்றியது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரானவர்.

"மாப்ளே, அதை சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணணும்."

மறுபடி சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, மனைவியை உள்ளே உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஸ்பானரில் நாலடி பைப்பைச் செருகி ஏறி நின்றேன். 'மடக்!' முதுகெலும்போ என்று பயந்தேன். நட்டுதான்.

திரும்ப ஜாக்கி. கியர் ஆயிலை இறக்க இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு (அது தனிக் கதை) வண்டிக்கு அடியில் நெஞ்சுவரை நுழைந்தேன். ஆயிலும் இறங்கியது.

"வெளியே வாங்க."

'மாப்ளே' இல்லை. குரலும் வேறு மாதிரி இருந்தது. வந்தேன்.

"வெறும் ஜாக்கியை நம்பி அடியில போறதா? டெப்போவில என்கூட இருந்தவன் ஒருத்தன் அப்படித்தான் போனான்" என்றார். மேலே சொல்லவில்லை. கழற்றி வைத்திருந்த சக்கரத்தைத் தானே உருட்டி வந்து, வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். செங்கல் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வெயிட் தாங்காம பொடிஞ்சுடும். ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் அடியில தலையைக் கொடுக்காதீங்க."

சரியென்று வெளியிலிருந்தே பால் ஜாயின்ட்டைக் கழற்றினேன். ஆக்ஸில் நழுவ ஹப்பைப் பக்கவாட்டில் பலமாக இழுக்க வேண்டும். இழுத்தேன். வாசல் மண் தரையில் ஜாக்கி மெல்லச் சாய்ந்தது...

தொம்!

வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. பத்து நிமிஷம் முன்பு என் நெஞ்சு இருந்த இடத்தில் டயர் அகலத்துக்கு மட்டும் சந்து. மனைவி கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றாள். மாமனார் அவள் தோளைத் தட்டி, "உள்ளே போம்மா" என்றார்.

ஸ்டாண்ட் இரண்டு இரவல் வாங்கி வந்தேன். யாரிடம்? அதே மெக்கானிக்கிடம்தான். பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, புது ஆயில் ஸீல், புது ஆக்ஸில், புது நட்டு, புது கியர் ஆயில் எல்லாம் போட்டு முடிக்கும்போது இருட்டிவிட்டது. கடைசி முறுக்கு மட்டும் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, மாமனார் கையால்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து தெருமுனையில் முழுசாக ஒடித்துத் திருப்பினேன். சத்தமே இல்லை!

வீட்டுக்குள் போனேன். காபியும் இல்லை.