ஒரு விநாடி கூடவா கேக்கக்கூடாது?

நாவுல சந்தியில யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்னவங்களுக்குத் தெரியும். அரை மணித்தியாலம் பாப்போம், வராட்டி தம்புள்ளைக்கு ஏறி அங்க மாறுவோம். காத்திருக்க ஒரு வரம்பு வைக்க யாரும் நமக்குப் படிப்பிக்கல்ல. ஆனா நாங்க கோட் எழுதுற மொழிகளுக்கு இந்த அறிவு இன்னும் வரல்ல.

விசயம் ரெஜெக்ஸ். எழுத்துக் கோவைக்குள்ள ஒரு வடிவத்தைத் தேடும் கருவி. நூலகப் பதிவுக்கு நாங்க ஒரு படிவம் செய்தோம். பெயரைச் சரிபார்க்க எழுதின விதி இதுதான்: தமிழ் எழுத்து ஒன்றோ பலவோ, அதுக்குப் பிறகு இருந்தா ஒரு இடைவெளி, இந்தக் கூட்டு ஒன்றோ பலவோ தடவை. அழகா வேலை செஞ்சது. ஒரு தங்கச்சி அப்பா பெயரையும் தன் பெயரையும் ஒட்டி அடிச்சு, கடைசியில ஒரு முற்றுப்புள்ளி வெச்சா. போன் அப்படியே உறைஞ்சு போச்சு. "நான் என்ன பிழை செஞ்சேன்?" என்று கேட்டா. பிழை எங்களோடது.

புள்ளி பொருந்தாததால், முன்னால் உள்ள எழுத்துகளை எப்படியெல்லாம் பிரிக்கலாமோ அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்கிறது இயந்திரம். ஒரு குறி கூடினால் வேலை இரட்டிக்கும். 'கிருஷ்ணமூர்த்தி' நம்ம கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறி. அந்த நீளத்தில் இரண்டு பெயரை ஒட்டினால் 30 குறி, 53 கோடிக்கும் அதிகமான பிரிப்புகள். தமிழ்ப் பெயர் இந்தக் குழியில் சீக்கிரமே விழும். 'ஆயத்தக் குறியீட்டைப் பாவிச்சிருக்கலாமே' என்பீங்க. பைதனில் அந்தக் குறியீடு 'தமிழ்' என்ற சொல்லையே 'தம', 'ழ' என்று வெட்டிப் போடும். அதனாலதான் நம்ம ஆக்கள் சொந்தமா விதி எழுதுறாங்க.

"ஒழுங்கா ரெஜெக்ஸ் எழுதப் பழகு" என்பது பெரியவங்களோட வழமையான பதில். சரி, பழகினவங்களைப் பாப்போம். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்தது. ஒரு பதிவில் இருந்த சுமார் 20,000 வெற்றிடங்கள், அதை வெட்ட எழுதின ஒரு ரெஜெக்ஸ், கிட்டத்தட்ட 20 கோடி சோதனை. அது ஓடியது டொட்நெட்டில். அந்த மொழிச் சூழலில் 2012 முதலே ரெஜெக்ஸுக்கு நேர வரம்பு வைக்கலாம். ஆனா நாமளாக் கேட்டாத்தான் தரும். கேக்காட்டி முடிவில்லாமல் காத்திருக்கும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் 27 நிமிடம் தடுமாறியதற்கும் ஒரு ரெஜெக்ஸ்தான் காரணம். சிபியூவை அளவுக்கு மீறித் தின்னாமல் தடுக்கும் காப்பு ஒன்று அவங்ககிட்ட இருந்தது. சில வாரங்களுக்கு முன் கோடைச் சீர்செய்யும்போது தவறுதலாக் கழன்று போயிருந்தது. உலகத் தரப் பொறியாளர்களுக்கே இந்த நிலைமை என்றால், முதல் படிவம் செய்யுற நாவுலப் பிள்ளையை ஏன் திட்டுறீங்க?

நேர வரம்பு மருந்தில்ல என்கிற வாதத்தில் உண்மை இருக்கு. மெதுவான கணினியில் நல்ல ரெஜெக்ஸும் வெட்டுப்படலாம். கோ மொழி மாதிரி, உள்ளீட்டின் நீளத்துக்கு ஏற்பவே நேரம் எடுக்கும் இயந்திரம்தான் சரியான தீர்வு. அதுக்கான வழியைக் கென் தொம்சன் 1968லேயே எழுதிட்டார். ஆனா அது எல்லா மொழிக்கும் வரும்வரை உறைஞ்ச திரையைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்றீங்களா? வெட்டுப்பட்டால் பிழைச்செய்தி வரும், யாராவது திருத்துவாங்க. உறைஞ்சு போனால் அந்தத் தங்கச்சி மாதிரி தன்னையே குறை சொல்லிக்கொண்டு போயிருவாங்க.

எங்க கோரிக்கை சின்னது. வரம்பு தானாகவே இருக்கட்டும், கூடுதல் நேரம் வேணும் என்கிறவர் கேட்டு நீக்கட்டும். ரூபி 2022 டிசம்பரில் 3.2 பதிப்பில் வரம்பு வைக்கும் வசதியைத் தந்தது, ஆனா மூடித்தான் தந்தது. ரெயில்ஸ் 8 அதைத் திறந்து, புதுச் செயலிகளுக்கு ஒரு விநாடி என்று வெச்சது. பைதனோட ஆயத்த ரெஜெக்ஸிலும் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அந்த ஒரு விநாடியைக் கேக்கக்கூட இடம் இல்ல.