எல்லை தாண்டிப் போன இன்ஜின்

எல்லை தாண்டிப் போன இன்ஜினும், கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த அண்டாவும் சொன்ன தேதிக்குத் திரும்பாது என்பது எங்கள் கண்ட்ரோல் அறைப் பேச்சு. ரயில்வேயில் லோகோ கண்ட்ரோலராக 21 வருஷம் இருந்தேன். தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு நான் பார்த்த வேலையில் பாதி, அண்டாவைத் திருப்பிக் கேட்பதுதான்.

கூட்ஸ் இன்ஜினுக்கும் சொந்த ஊர் உண்டு. பக்கவாட்டில் ஷெட் பெயர் எழுதியிருக்கும். ஆனால் ஓடுவது நாடு முழுக்க. குறித்த நாளுக்குள் பராமரிப்புக்குத் தன் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும், ‘ஷெட்யூல்’ என்போம். தேதி நெருங்கும்போது பக்கத்து மண்டலத்தைக் கூப்பிட்டால், “நாளைக்கு நிலக்கரி ரேக்ல போட்டு அனுப்பிடறேன் சார்” என்பார்கள். நிலக்கரி வரும், வேறொரு இன்ஜினில். நாங்களும் யோக்கியம் இல்லை. அவர்களுடைய நல்ல இன்ஜின் ஒன்று கையில் சிக்கினால், எங்கள் பாதையிலேயே இரண்டு நடை கூடுதலாக ஓட்டிவிட்டுத்தான் விடுவோம். எத்தனை இன்ஜின் எத்தனை மணி நேரம் நம்மிடம் இருந்தது என்கிற ‘அவுட்டேஜ்’ கணக்கு தினமும் மேலே போகும். மண்டலங்களுக்கு இடையே வாடகைகூடப் புத்தகத்தில் ஏறி இறங்கும். ஆனால் எல்லாம் ஒரே அரசாங்கத்தின் பணம். அந்த வாடகைக்காகத் தூக்கம் கெட்ட கண்ட்ரோலரை நான் பார்த்ததில்லை.

இந்த நினைப்பெல்லாம் மறுபடி கிளம்பியது சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில், மகள் வீட்டில் தங்கியிருந்தபோது. அந்த ஊர் வழியாக பிஎன்எஸ்எஃப் கம்பெனியின் மூன்று தண்டவாளப் பாதை போகிறது. மாலையானால் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் இன்ஜின் ஆரஞ்சு நிறம். ஒரு நாள் இரண்டு ஆரஞ்சுக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று வந்தது, உடம்பில் வெள்ளைக் குதிரைச் சின்னத்தோடு. நார்ஃபோக் சதர்ன். நாட்டின் கிழக்குப் பாதியில் தொழில் செய்கிற கம்பெனி.

“வாடகைக்கு எடுத்திருப்பாங்க மாமா” என்றார் மருமகன்.

வாடகை இல்லை, மொய் என்றேன். சிகாகோவில் ஒரு கம்பெனி ரயிலை இன்னொன்றிடம் ஒப்படைக்கும்போது, பல ரயில்களில் இன்ஜினைக் கழற்றுவதே இல்லை. டிரைவர் மட்டும் இறங்க, அடுத்த கம்பெனி டிரைவர் ஏறுகிறார். கழற்றி மாட்டும் நேரம் மிச்சம். ஆனால் இனி அந்த இன்ஜின் இழுப்பது அயலான் பாதையில். அதற்கான கணக்கைக் குதிரைத்திறன்-மணியில் எழுதுகிறார்கள். 4,400 குதிரைத்திறன் இன்ஜின் மூன்று, 20 மணி நேரம் உன்னிடம் இருந்ததா? 2,64,000 உன் கடன். அதைத் தன் இன்ஜின்களை அந்தப் பக்கம் அனுப்பி, இழுவையாகவே தீர்க்கலாம். நம் வீட்டு மொய் நோட்டு தோற்றது. குளிர்காலத்திலோ சரக்கு குவியும் மாதங்களிலோ திருப்பித் தருவதில் இழுபறி அங்கேயும் உண்டுதான். ஆனால் பாக்கி நிற்பது வேறு முதலாளியிடம். கேட்பவன் விடமாட்டான்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு கேபிள். இரண்டு இன்ஜின்களை இணைக்கும் 27 முனைப் பிளக் வட அமெரிக்கா முழுக்க ஒன்றே. ஜிஇ செய்ததும் இஎம்டி செய்ததும், ஆரஞ்சும் கறுப்பும், முன்னால் இருக்கும் ஒரே டிரைவர் கைக்கு அடங்கும். நம்மிடம் டபிள்யூஏஜி-7, டபிள்யூஏஜி-9 என்ற இரண்டு வகை கூட்ஸ் இன்ஜினும் ஒரே ரயில்வேயின் சொத்து. ஒன்றோடொன்று கோத்து ஒரே டிரைவர் ஓட்ட முடியாது. பாதுகாப்புக் கருவியிலும் அவர்கள் இதை யோசித்தார்கள். 2008 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பயணி ரயிலும் சரக்கு ரயிலும் மோதி 25 பேர் இறந்த பிறகு, ரயிலைத் தானே நிறுத்தும் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஒரு கம்பெனியின் இன்ஜினில் உள்ள கருவி இன்னொரு கம்பெனியின் பாதையிலும் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதில் நிபந்தனை. 2020 கடைசியில்தான் முடித்தார்கள். இங்கே அதே மாதிரிக் கருவியான ‘கவச்’ போடும் நம்மவர்கள் எத்தனை கிலோமீட்டர் பாதை முடிந்தது என்று சொல்லும்போதெல்லாம், எத்தனை இன்ஜின் என்றுதான் நான் கேட்பேன். கூட்ஸ் இன்ஜின் ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லையே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே பெரிய கம்பெனியான யூனியன் பசிபிக், இந்தக் கறுப்பு இன்ஜின்காரர்களை 8,500 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அனுமதி தர வேண்டியது தரைவழிப் போக்குவரத்து வாரியம். கடலிலிருந்து கடல்வரை ஒரே கம்பெனி, நடுவில் கைமாற்றவே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஒட்டவில்லை. ஒரே முதலாளி என்றால் இன்ஜின் தானாக வந்து சேரும் என்று நம்ப, நான் கண்ட்ரோல் அறையில் உட்காராதவனாக இருந்திருக்க வேண்டும்.

இதே யூனியன் பசிபிக் 1996இல் சதர்ன் பசிபிக்கை விழுங்கியது. அடுத்த வருஷமே ஹூஸ்டனைச் சுற்றி ரயில்கள் நகராமல் நின்றன. யார்டு நிரம்பி வழிய, இன்ஜினும் ஆளும் தவறான இடங்களில் மாட்டிக்கொண்டன. 1997 அக்டோபரில் வாரியம் அவசர உத்தரவு போட்டு, அந்த ஊர்ச் சரக்கை எடுக்க ஒரு சின்ன ரயில் கம்பெனியை உள்ளே விட வேண்டியிருந்தது. இந்த முறை இணைப்பு அறிவிப்பு வந்த ஒரே மாதத்துக்குள், பிஎன்எஸ்எஃப்பும் கிழக்கே உள்ள சிஎஸ்எக்ஸும் தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து சார்லட், ஜாக்சன்வில் வரை நேரடிக் கன்டெய்னர் சேவை தருவதாகச் சொல்லிவிட்டன. யாரும் யாரையும் வாங்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முழு ரயிலாகப் போகும் சரக்குக்குத்தான் இந்த மொய் முறை கச்சிதம். ஒன்றும் இரண்டுமாக வாகன் அனுப்புகிற சிறு தொழிற்சாலைக்காரனின் சரக்கு, சிகாகோவில் ஒரு யார்டிலிருந்து இன்னொரு யார்டுக்குப் போய்க் காத்துக் கிடக்கும். இணைப்பு அவனுக்கு உதவலாம். ஆனால் அதே ஆளுக்கு, கட்டணம் கேட்டுப் பேரம் பேச இன்னொரு வாசல் மூடிவிடுமே? நான் வாரியத்தில் இருந்தால் முதலில் அவனைக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.

அந்தக் கறுப்பு இன்ஜினின் எண்ணை அன்றைக்கே என் பாக்கெட் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பழக்க தோஷம். பதினோராவது நாள் சாயங்காலம் அது கிழக்கே திரும்பிப் போனது, கன்டெய்னர் ரயிலில் மூன்றாவது இன்ஜினாக. நோட்டை எடுத்து டிக் அடித்தேன். யாருக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை.