ஷாக் கொடுத்தால் மட்டும் போதுமா?

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் "கீழ்ப்பாக்கம் போக வேண்டியதுதான்" என்று சிரிப்பார்கள். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயர் கேலிச்சொல் ஆகிவிட்டது! 'ஷாக்' என்றால் கேட்கவே வேண்டாம். சினிமாவில் அது வில்லன் கொடுக்கும் தண்டனைதானே.

உண்மையில் இன்று மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் மின்சிகிச்சை செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. மாத்திரைகளுக்கு மசியாத கடும் மனச்சோர்வுக்கு இதைவிட வலுவான சிகிச்சை இன்னும் வரவில்லை என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. ஞாபகமறதி வரலாம். அதை மறைக்கக் கூடாது.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. 2001-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. மின்சிகிச்சையில் குணமானவர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் மட்டும் சாப்பிட்டவர்களில் 60. அதோடு லித்தியமும் சேர்த்தவர்களில் 39. மின்சிகிச்சை தூக்கி நிறுத்துகிறது, விழாமல் பிடித்துக்கொள்வது மருந்து. "ஷாக்கா, மாத்திரையா?" என்று வீட்டில் நடக்கும் சண்டையே அர்த்தமில்லாதது.

ஆனால் ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது எப்படி நடக்கும்? வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என மொத்தம் 6 முதல் 12 தடவை மின்சிகிச்சைக்குப் போக வேண்டும். மயக்க மருந்து என்பதால் வெறும் வயிற்றோடு போகணும், கூட ஒரு ஆள் வரணும். ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு யார் வருவது? மயக்கமே தேவைப்படாத காந்தத் தூண்டல் (டி.எம்.எஸ்.) இருக்கிறதே என்பீர்கள். அதற்கு வாரம் 5 நாள், நாலு முதல் ஆறு வாரம்! லித்தியத்துக்கோ அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலத்துக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. காகிதத்தில் போதுமானதுதான். ஆனால் மருத்துவச் சான்றிதழில் மனநோய் என்று எழுதியிருந்தால் திரும்ப வேலைக்கு எடுப்பார்களா என்ற பயத்தில் பாதியில் நிறுத்துகிறவர்களை என்ன செய்வது? மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மேலே அந்த 84.

கம்பெனிகள் கைவிரல் நசுங்கினால் விடுப்பு கொடுக்கிற மாதிரி இதற்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கட்டும். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.